கலையும் பொதுக்கொள்கையும் சேர்த்துப் படிக்கிறவர்களுக்கு

இறுதிப் பருவ முடிவு வந்துவிட்டது. முதல் வகுப்பு. வரலாறும் பொதுக்கொள்கையும் இணைந்த பட்டம் என்றதும், "இதைப் படித்து எந்த வேலைக்குப் போவாய்?" என்று கல்யாணப் பந்தியில்கூட விடாமல் கேட்டார்கள். அந்தக் கசப்பு இன்னும் இருக்கிறது. அதனால்தான் இந்த ஆண்டு சேர்ந்திருக்கும் குமரி மாவட்டத்துத் தம்பி தங்கைகளுக்கு இதை எழுதுகிறேன்.

தாள்களின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். நான் அழுத்திச் சொல்வது ஒன்றுதான்: முதலாண்டிலேயே ஊர்ப் பொருள் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வரலாற்றுத் தாள், கொள்கைத் தாள் இரண்டையும் அதை வைத்தே படியுங்கள். தனித்தனியாகப் படித்தவர்கள் ஆய்வேடு எழுதும்போது திணறியதைக் கண்ணால் பார்த்தேன்.

நான் எடுத்தது கோதையாற்றுப் பாசனம். எங்கள் வயல் சானலின் (பாசனக் கால்வாயின்) கடைவரம்பில் கிடக்கிறது. பேச்சிப்பாறை அணையில் தண்ணீர் நிறைந்து நிற்கும்போதே எங்கள் கன்னிப்பூ (முதல் போக நெல்) நாற்று கருகிய ஆண்டுகள் உண்டு. ஏன் என்ற கேள்வியோடு வகுப்பில் உட்கார்ந்தேன். பாடம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

வரலாற்றுப் பக்கம் பாருங்கள். அணையைத் திருவிதாங்கூர் அரசு 1906இல் கட்டி முடித்தது. மக்கள் பிரதிநிதிகள் தங்கள் குறைகளைத் திவானிடம் (மன்னரின் தலைமை அமைச்சரிடம்) எடுத்துச் சொன்ன ஸ்ரீமூலம் பிரஜா சபை தொடங்கியது 1904இல். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தன. எனவே பழைய ஆவணம் தேடித் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்துக்கும், பிந்தையதற்கு நாகர்கோவிலுக்கும் அலைய வேண்டும். அலையுங்கள். அந்த அலைச்சலில்தான் மதிப்பெண் இருக்கிறது.

கொள்கைப் பக்கத்தில், அரசின் முடிவைக் கடைசியில் உருவாக்குபவர் களத்தில் நிற்கும் ஊழியர்தான் என்றொரு கோட்பாடு வருமே, அதை மனப்பாடம் செய்து எனக்கு ஏறவே இல்லை. ஒரு மாலை மடையருகே நின்றபோது விளங்கியது. உத்தரவில் இத்தனை கன அடி என்று இருக்கிறது. லஸ்கர், அதாவது மடையைத் திறந்து மூடும் பாசன ஊழியர், இரும்புப் பிடியைப் போட்டு ஷட்டரைச் சுற்றுகிறார். கரையில் மேல்பகுதி வாழைக்காரர்கள் நிற்கிறார்கள். அவர் அவர்கள் முகத்தைப் பார்க்கிறார், இன்னும் ஒரு சுற்று சுற்றலாமா என்று யோசிக்கிறார், நிறுத்திவிடுகிறார். எங்கள் வயலுக்கான கொள்கை அந்த ஒரு சுற்றில் முடிவானது. அவரைக் குற்றம் சொல்லவில்லை. இத்தனை பேருக்கு நடுவே ஒற்றை ஆளாக நிற்பது அவர்தான். தேர்வில் இதை அப்படியே எழுதினேன்.

இதோடு 2000ஆம் ஆண்டின் பாசன முறைகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டத்தையும், பொதுவளங்களைப் பயனாளிகளே நிர்வகிப்பது பற்றிய ஆய்வுக்காக 2009இல் நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரோமையும் சேர்த்துப் படித்தால் அரைத் தாள் கையில் வந்துவிடும்.

கடற்கரைக்காரர்களுக்கு 2017 ஒக்கிப் புயல் இருக்கிறது. வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குகிறவர்களுக்கு எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும் என்பதே முழு ஆய்வேடு. மலையோரத்தில் ரப்பர் நிலம் உள்ளவர்கள் 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தை எடுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- கொள்கைத் தாளை வரையறையில் தொடங்காதீர்கள். முடிவெடுத்தவர் யார், பணம் யாருடையது, செய்து முடிப்பவர் யார்: மூன்றும் முதல் பத்தியிலேயே வர வேண்டும்.
- கொள்கைக் குறிப்பில் (அதிகாரிக்குப் பரிந்துரை சொல்லும் சிறு அறிக்கையில்) பரிந்துரைதான் முதல் வரி. வரலாற்றுக் கட்டுரைபோல் முடிவைக் கடைசிக்கு வைத்தால் மதிப்பெண் போய்விடும்.
- புள்ளியியலைத் தினமும் கொஞ்சம் போட்டுப் பாருங்கள்.
- தகவல் உரிமை மனுவுக்குப் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை போதும். பதிலுக்குச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள். மேல்முறையீடு என்றால் இன்னும் நீளும். ஆய்வேட்டுப் பருவத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.
- கூட்டமாகப் படிக்காதீர்கள். விடிகாலையில் தனியாகப் படித்ததுதான் எனக்கு நின்றது.

வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போது நீங்களே நடந்து பார்த்து வரைந்த வரைபடம் ஒன்றைக் கொண்டு போங்கள். மடைகள், கிளைக் கால்வாய்கள், மனை போட்ட வயல்கள் எல்லாவற்றையும் குறித்திருந்தேன். தேர்வாளர் அதை மேசையில் விரித்துக்கொண்டார்; கேள்விகள் பெரும்பாலும் அதிலிருந்தே வந்தன.