முக்கோணமா, கீறலா

ஜூன் 2

இடது கையால் தட்டுகிறேன். இன்றைக்கு இவ்வளவுதான்.

ஜூன் 4

பைக்கின் பின் டயரில் பட்டன், அதாவது சாலையைப் பிடிக்கும் ரப்பர் கட்டிகள், தேயவே இல்லை. அதுதான் ஆத்திரமாக வருகிறது. மொட்டை டயரோடு போய் விழுந்திருந்தால் என் கொழுப்பு என்று விட்டிருப்பேன்.

ஜூன் 5

பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, டயரின் பக்கவாட்டில் சாக்பீஸ் தேய்த்தேன். கறுப்பில் கறுப்பாகக் கிடந்த எழுத்துகள் வெள்ளையாக எழுந்து வந்தன. டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசியில், டயர் செய்த தேதியைச் சொல்லும் இடத்தில், 478. மூன்றே இலக்கம்.

2000-க்குப் பிறகு செய்த டயர் என்றால் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. மூன்று என்றால் அதற்கும் முந்தைய சரக்கு. 47ஆவது வாரம், எட்டில் முடியும் ஏதோ ஓர் ஆண்டு. 1998-ஆ, 1988-ஆ? தொண்ணூறுகளில் சிலர் எண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன முக்கோணம் போட்டார்களாம். எட்டுக்குப் பக்கத்தில் என்னவோ இருக்கிறது. முக்கோணம் மாதிரியும் தெரிகிறது, கீறல் மாதிரியும் தெரிகிறது.

எதுவானால் என்ன, இது ரப்பரே இல்லை, பலகை. கட்டைவிரல் நகத்தை அழுத்தினேன், தடம் விழவில்லை. பட்டன்களின் அடிவாரத்தில் தலைமுடி கனத்துக்கு வெடிப்புகள். வண்டியை விற்றவர் “டயரைப் பாருங்க, புதுசு” என்றார். நானும் குனிந்து பார்த்துத் தலையாட்டினேன்.

ஜூன் 6

வலி. தூக்கமில்லை.

ஜூன் 9

அளவுக் குழப்பம். முன்னால் 3.25-19, பின்னால் 4.00-18. முதல் எண் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், எல்லாம் அங்குலம். இப்போது கிடைப்பவற்றில் பாதி மில்லிமீட்டரில் இருக்கின்றன. பின்னால் 110/90-18 போடலாம் என்கிறார்கள். 110 அகலம், அதில் 90 சதவீதம் உயரம், அதாவது 99. நான்கு அங்குலம் என்பது 101.6. ஆக, காகிதத்திலேயே எட்டு மி.மீ. அகலம் கூடுகிறது, பக்கத்துக்கு நான்கு. செயின் கவருக்கும் டயருக்கும் நடுவே இடது கையால் ஸ்கேலை நுழைத்து அளந்தேன். ஒன்பது. போதும் என்று தோன்றுகிறது. செயின் நீள நீளச் சக்கரம் பின்னால் நகரும், அப்போதும் ஒன்பது இருக்குமா என்று யோசித்ததில் காபி ஆறிப்போனது.

டயர் தாங்கும் உச்ச வேகத்தைச் சொல்லும் எழுத்தைப் பற்றிக் கவலை இல்லை. பி (P) என்றால் மணிக்கு 150 கி.மீ., எஸ் 180, எச் 210. என் வண்டி 150-ஐத் தொட்டால் பாகங்கள் தனித்தனியாகத்தான் வீடு வந்து சேரும்.

ஜூன் 10

அக்கா போனில். “இன்னும் அந்தச் சனியனைக் கட்டிக்கிட்டு அழறியாடா?” டயர் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை.

ஜூன் 13

எனக்கு வேண்டியது டன்லப் டிடி100. அதன் முதல் பெயர் கே81. 1969-இல் ஐல் ஆஃப் மேன் தீவுப் பந்தயத்தில் மால்கம் அப்ஹில் ஒரு டிரையம்ப் பான்வில்லில் இந்த டயரோடு போய், கடையில் விற்கிற மாதிரி வண்டி ஒன்றில் முதன்முறையாகச் சராசரி நூறு மைல் வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். பெயரில் இருக்கும் நூறு அதுதான். அறுபது கி.மீ. சுற்று, மலைப்பாதை, முழுக்க வளைவுகள். நான் விழுந்தது மணிக்கு முப்பதில், ஒரே வளைவில்.

இல்லையென்றால் அந்தக் காலத்து முறைப்படி முன்னால் சுற்றிலும் நீளக் கோடுகள் ஓடும் கோடு டயர், பின்னால் பட்டன். பார்க்க அதுதான் இந்த வண்டிக்கு லட்சணம். கோடு டயர் சாலையில் இருக்கும் நீளப் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு போகும் என்று ஒரு கட்சி, நேராகப் போகும் என்று ஒரு கட்சி. இரண்டு கட்சியும் ஒன்றைத்தான் சொல்கிறது என்று நினைக்கிறேன்.

ஜூன் 14

இரண்டு மணிக்கு விழித்தேன். சாலையில் ஈரம்கூட இல்லை. மணல் இல்லை, எண்ணெய் இல்லை. பின்பக்கம் சும்மா விலகிப் போனது.

ஜூன் 17

கடையில் டிடி100 இருக்கிறதாம். தேதி எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். “எல்லாம் புதுசுதான் சார்” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் மணிக்கட்டில் சுருக்கென்றது. படம் வந்தால்தான் பணம் என்றேன்.

ஜூன் 18

படம் வந்தது. ஆறு வருடப் பழசு.

ஜூன் 19

வேறு இடத்தில் கோடு டயரும் பட்டன் டயரும். இரண்டுமே போன வருடக் கடைசி வாரங்கள். கேட்காமலே படம் அனுப்பினார்கள். வாங்கிவிட்டேன். டிசைனைப் பற்றி இவ்வளவு நாள் மண்டையை உடைத்தவன், நாலு இலக்கத்தைப் பார்த்ததும் ஒரு நிமிடத்தில் முடிவெடுத்தேன்.

ஜூன் 25

கட்டு பிரித்தார்கள். கை வேறு யாருடையதோ மாதிரி மெலிந்திருக்கிறது. பிடித்து அமுக்கச் சொல்லி ஒரு ரப்பர் பந்து கொடுத்தார்கள். நகம் பதிகிறது.

ஜூன் 28

டயர் மாட்ட அண்ணன் வந்தார். நான் டார்ச் பிடித்தேன். பழசு ரிம்மை விட்டு வர மறுத்தது, ஏறி மிதித்தார். உள்ளே ரிம் டேப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இரண்டு ஸ்போக் முனைகள் டியூபை நெருடிக்கொண்டு இருந்திருக்கின்றன, அரத்தால் ராவினார். புது டேப், புது டியூப், கை நிறைய பவுடர். டயரின் கனம் குறைந்த இடத்தைக் காட்டும் பக்கவாட்டு மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக வைத்தார், சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியை இரண்டு தடவை பார்த்தார். வால்வு நட்டை மட்டும் முறுக்காமல் விட்டார். “டியூப் நகந்தா வால்வு சாயும், அப்பத் தெரிஞ்சிடும். நட்டு இறுக்கமா இருந்தா பிச்சுக்கும்.”

முதல் 160 கி.மீ. சாய்க்காதே என்றார். புது டயரின் மேல்தோல் வழுக்குமாம்.

ஜூன் 29

பழைய டயரை எடுத்துப்போகட்டுமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் என்றுவிட்டேன். சுவரில் சாய்த்து வைத்து, காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது மறுபடி சாக்பீஸ். முக்கோணம்தான். இல்லை, இரண்டு பக்கம் தெரிகிறது, மூன்றாவது இல்லை.

ஜூலை 1

ஆக்ஸிலேட்டர் முறுக்க இன்னும் பத்து நாள் ஆகட்டும் என்கிறார் டாக்டர்.

ஜூலை 4

பந்து.

ஜூலை 12

12 கி.மீ. இன்னும் 148.