பியூகிளை விடாத சிப்பாய்

கொஞ்ச நாளாக 1894-95 சீன ஜப்பானியப் போரைப் பற்றிய மரக்கட்டை அச்சுப் படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதில் பியூகிள் (படையில் ஊதும் சின்ன ஊதுகொம்பு) ஊதும் ஒரு சிப்பாய் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறான்.

1894 ஜூலை 29, கொரியாவில் சொங்வான் சண்டை. குண்டு பட்டும் உயிர் போகும்வரை ஒரு ஜப்பானியச் சிப்பாய் பியூகிள் ஊதினான் என்று செய்தி பரவியது. பெயர் ஷிரகாமி கென்ஜிரோ என்றார்கள். உடனே பாட்டு, கவிதை, படம் எல்லாம் வந்துவிட்டன. அப்புறம் பார்த்தால், ஊதியவர் அவர் இல்லை, கிகுச்சி கொஹெய் என்று திருத்தினார்கள். இருவருமே அந்தச் சண்டையில் செத்தவர்கள். படத்துக்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை. சாயும் உடம்பும் வாயை விட்டு இறங்காத பியூகிளும் அப்படியே இருக்க, பெயரை மாற்றினால் போதும். எனக்கு வயிற்றைப் பிசைந்தது இங்கேதான்: இரண்டு வீட்டில் இழவு விழுந்திருக்கிறது, நாட்டுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு நிலை மட்டும்.

பெரும்பாலான ஓவியர்கள் போர்க்களத்தை மிதித்ததே இல்லை. டோக்கியோவில் உட்கார்ந்து, பத்திரிகையில் வந்ததை வைத்து வரைந்தார்கள். ஆனால் என்ன வேலைப்பாடு! நிறத்துக்கொரு கட்டை, மூன்று தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே காட்சி. கட்டையில் தடவிய மையை அச்சுக்காரர் ஈரத்தோடு இழைத்து மங்கவைப்பதால், வானம் மேலே கருத்துக் கீழே வெளுத்து வரும். அந்த வெளிச்சத்தில் விழப்போகிற ஒருவனை நிறுத்தினால் சாவு கூட விடியல் மாதிரி தெரிகிறது. ஜப்பானியர்கள் நிமிர்ந்து நிற்க, சீனர்கள் முகம் கோணி, கால் தடுக்கி விழுகிறார்கள். அதையும் இதே அழகோடுதான் அச்சடித்திருக்கிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

அந்தப் போரில் உயிர்விட்ட ஜப்பானியச் சிப்பாய்களில் பெரும்பாலோரைக் கொன்றது குண்டு இல்லை, நோய். காலரா, வயிற்றுப்போக்கு, சத்துக் குறைவால் வரும் பெரிபெரி. வயிற்றைப் பிடித்துக்கொண்டு பாயில் சுருண்டு செத்தவனும் அதே நாட்டுக்காகப் போனவன்தானே? அவனுக்கு மூன்று தாள் படம் போட்டு யார் விற்றார்கள்?

பியூகிள் சிப்பாய் மட்டும் பள்ளிப் பாடப் புத்தகத்துக்குள்ளேயே போய்விட்டான். சின்னக் குழந்தைகளுக்கான நீதிப் பாடம் அது, எளிய எழுத்தில் ஒரே ஒரு வாக்கியம்: கிகுச்சி கொஹெய் எதிரியின் குண்டு பட்டும், செத்த பிறகும், பியூகிளை வாயிலிருந்து எடுக்கவில்லை.