விற்க மறுத்த விவசாயிகள்: வாசிப்பு நாட்குறிப்பு

மார்ச் 3

அமெரிக்காவில் பெருமந்தம் உச்சத்தில் இருந்த 1932-ஆம் ஆண்டில் அயோவா மாநில விவசாயிகள் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படிக்கிறேன். ஆலைத் தொழிலாளி கையைக் கட்டிக்கொண்டால் இயந்திரம் நிற்கும். மாடு நிற்குமா? கறந்தே ஆக வேண்டும். கறந்த பாலும் திரிந்துபோகும். இது தெரிந்தேதான், மே மாதம் மைலோ ரெனோ தலைமையில் ‘விவசாயிகள் விடுமுறைச் சங்கம்’ தொடங்கினார்கள். சாகுபடிச் செலவாவது விலையில் கிடைக்கும்வரை விற்பதில்லை என்று முடிவு.

மார்ச் 4

ஆகஸ்டில் அயோவாவின் சந்தை நகரமான சூ சிட்டிக்குப் போகும் சாலைகளில் மரக்கட்டைகளையும் ஆணி அடித்த பலகைகளையும் போட்டு மறித்திருக்கிறார்கள். லாரிகளில் வந்த பால் சாக்கடையில் ஊற்றப்பட்டது. அதுவும் இன்னொரு விவசாயி கறந்த பால்தானே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் மக்காச்சோளத்தை விற்பதைவிட அடுப்பெரிப்பது லாபம் என்றிருந்த காலம் அது. சில வாரங்களில் ரெனோவே மறியலை நிறுத்திவைக்கச் சொன்னார். விலை ஏறவில்லை.

மார்ச் 8

பலித்தது வேறொன்று: ‘பென்னி ஏலம்’ (பென்னி என்றால் ஒரு சென்ட் காசு). கடன் கட்டாதவரின் மாடும் கலப்பையும் ஏலத்துக்கு வரும் நாளில் சுற்றுவட்டார விவசாயிகள் முற்றத்தை நிறைத்து நிற்பார்கள். பசு மாட்டுக்குச் சில சென்ட் கேட்பார் ஒருவர். அதற்குமேல் யாரும் வாய் திறப்பதில்லை. வெளியூர்க்காரர் விலையை ஏற்றப் பார்த்தால் தோளில் ஒரு கை விழும். சில இடங்களில் களஞ்சியத்து வாசலில் சுருக்குக் கயிறும் தொங்கியதாம். எல்லாம் சில டாலருக்கு முடிந்து, பழைய உரிமையாளரிடமே திரும்பிவிடும். போட்டி இல்லாத ஏலத்தில் வங்கிக்கு என்ன கிடைக்கும்? சாலையில் பாலைக் கொட்டியதைவிட இது எவ்வளவோ கெட்டிக்காரத்தனம்.

மார்ச் 9

கயிறு வெறும் மிரட்டலோடு நிற்கவில்லை. 1933 ஏப்ரல் 27 அன்று அயோவாவின் லெ மார்ஸ் ஊரில் விவசாயிகள் நீதிபதி பிராட்லியை நீதிமன்றத்திலிருந்து இழுத்துப்போய்க் கழுத்தில் கயிறு மாட்டினார்கள். ஜப்தி ஆணைகளில் கையெழுத்திட மாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். அவர் மசியவில்லை. கொல்லாமல் விட்டுவிட்டார்கள், ஆளுநர் அந்த மாவட்டத்தில் ராணுவச் சட்டத்தைப் பிறப்பித்தார். விவசாயிகள் பக்கமே சாய்ந்து படித்துவந்த என்னால் இந்த இடத்தில் சாய முடியவில்லை.

மார்ச் 13

பக்கத்து மாநிலமான மின்னசோட்டா 1933-இல் அடமானச் சொத்து மீட்புக் காலத்தை, அதாவது ஏலம் போன சொத்தைக் கடனாளி பணம் கட்டி மீட்கக் கிடைக்கும் அவகாசத்தை, நீட்டிச் சட்டம் போட்டது. சொத்தில் தங்கியிருக்கும் கடனாளி நியாயமான வாடகை கட்ட வேண்டும். அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அதை 5-க்கு 4 என்ற கணக்கில் ஏற்றது. ஒரே ஒரு வாக்கு! அடுத்துப் படிக்க வேண்டியது விஸ்கான்சின் மாநிலத்துப் பால் போராட்டங்கள்.