உப்பா, சோடியமா? செயலியோடு நான் பட்ட பாடு

கிளினிக்கில் உணவு ஆலோசனைக்கென்று ஒரு செயலியைக் கொண்டுவந்து நான் பட்ட பாட்டை எழுதி வைக்கிறேன், அடுத்து இறங்குகிற மருத்துவர்களுக்காவது உதவட்டும். நிறுவியது, பயிற்சி எடுத்தது எல்லாம் ஒரே வாரத்தில் முடிந்தது. தலைவலி அப்புறம்தான்.

முதல் தப்பு என்னுடையது. நூறு உணவுகளுக்கு மேல் அடுக்கி, ஒவ்வொன்றையும் மாதத்துக்கு எத்தனை முறை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்கிற நீளமான படிவத்தைத் தேர்ந்தெடுத்தேன். ஆராய்ச்சிக்கு அது சரி, ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருவரைப் பார்க்கிற இடத்தில் யார் நிரப்புவார்கள்? பாதிக்கு மேல் 'எப்போதாவது' என்றே தட்டிவிட்டு டேப்லெட்டை நீட்டினார்கள். நோயாளி வழக்கமாக வந்துபோகிற நேரத்திலேயே கேட்டு முடிக்கக்கூடிய சுருக்கமான கேள்விகளைப் பற்றி அமெரிக்க இதய சங்கம் 2020-லேயே விரிவாக எழுதியிருக்கிறது. வாங்கும் முன் படித்திருக்கலாம்.

அடுத்தது, செயலி நோயாளிக்கு அச்சடித்துத் தருகிற ஆலோசனைத் தாள். 'ஒரு நாளைக்கு 2000 மில்லிகிராமுக்குக் கீழ்' என்று அதில் வந்தது சோடியக் கணக்கு, அதாவது சுமார் 5 கிராம் உப்பு, ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. ரத்த அழுத்தத்துக்கு வருகிற ஒருவர் அதை உப்பென்றே எடுத்துக்கொண்டு, சமையலில் 2 கிராம் நிறுத்துப் போட்டு நாக்கு செத்துப்போய் வந்தார். பாக்கெட் உணவில் இருக்கிற உப்பு அவர் கணக்கிலேயே இல்லை!

இதையாவது பேசிச் சரிசெய்துவிடலாம். சிறுநீரகம் பழுதான ஒருவருக்குப் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைப் பரிந்துரைத்ததே, அதுதான் என்னை உலுக்கியது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வெளியிட்ட மாற்று உப்பு வழிகாட்டுதலே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொருந்தாது. செயலி ரத்த அழுத்த எண்ணை மட்டும் பார்த்திருக்கிறது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை அதன் கண்ணிலேயே படவில்லை. தாளைக் கையில் கொடுக்கும் முன் வாசித்துப் பார்த்த எங்கள் நர்ஸுக்குத்தான் நன்றி. விற்றவர்களைக் கூப்பிட்டால், ஆய்வக முடிவுகளை இணைப்பது தனித் தொகுப்பாம்!

இப்போது ஏழு கேள்விதான், நர்ஸே கேட்டுப் பதிகிறார். ஒரு வருகைக்கு ஒரே இலக்கு, அதையும் நோயாளியே தேர்ந்தெடுக்க வேண்டும். போன தடவை எடுத்த இலக்கு திரையில் முதலில் வருகிறது, இந்தச் செயலியில் உருப்படியான விஷயமே அதுதான். ஒருவர் உட்காருவதற்குள்ளேயே "இனிப்பு பானத்தைப் பாதியாக்கிவிட்டேன், அடுத்தது என்ன?" என்று கேட்டார்.

தானாக அச்சடிப்பதை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும் அது மறுபடி தானே ஓடத் தொடங்கிவிடுகிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.