ஏன் வெள்ளாடு?

"இந்த நாவலுக்குத் தூண்டுதல் எது?" என்று மேடையில் கேட்டால் பாதிப் பேர் பாட்டி சொன்ன கதையில் போய் நிற்கிறார்கள். எனக்குப் பிடித்த பதில், ஒரு வெள்ளாட்டின் கதையான 'பூனாச்சி' நாவலின் முன்னுரையில் இருக்கிறது.

அதை எழுதிய பெருமாள்முருகன், 'மாதொருபாகன்' நாவலுக்கு எழுந்த எதிர்ப்பால் 2015 ஜனவரியில், எழுத்தாளனாகத் தான் செத்துவிட்டதாக முகநூலில் அறிவித்தவர். அந்த வழக்கில் அவருக்குச் சாதகமாக வந்த 2016 சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு வந்த நாவல் 'பூனாச்சி'. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், கடவுள் என்றால் பெரும்பயம் என்கிறார். நாயும் பூனையும் கவிதைக்கு. மாடும் பன்றியும் கூடவே கூடாது. மிச்சம் ஆடுதான், வம்பில்லாத பிராணி!

உள்ளே போனால் ஆட்டுக்குக் காது குத்தி அரசிடம் பதிவுசெய்ய ஜனங்கள் வரிசையில் காத்துக் கிடக்கிறார்கள். வம்பில்லையாம், நம்புங்கள் :)

முன்னுரையைத் தாண்டிப் படிக்கிறவர்கள் இதற்கு மட்டும் விலக்கு கொடுங்கள்.