இரட்டை அம்புக்குறி இல்லாத வதந்தி
வாட்ஸ்அப் செய்தியில் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று பொருள். 2020 ஏப்ரல் முதல் அதை ஒரு தடவைக்கு ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். ஆனால் நகலெடுத்து ஒட்டினாலோ, ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினாலோ குறி போய்விடும், எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். வதந்தி தப்பிப்பது இந்த ஓட்டையில்தான்.

சந்தேகமான செய்தி படமா, படத்தை வைத்தே தேடும் கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள். காணொளியா, பெயர்ப்பலகை தெரியும் இடத்தில் நிறுத்தி அந்தக் காட்சியை மட்டும் தேடுங்கள். குரல் பதிவுதான் பெரிய தொல்லை. பேசுபவர் பெயரும் தேதியும் இல்லாவிட்டால் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.

குடும்பக் குழுவில் பெரியவர்கள் போட்டிருந்தால் எல்லார் முன்னாலும் திருத்த வேண்டாம், தனியாகச் சொல்லுங்கள். அன்றைக்கே சொல்லுங்கள், இரண்டு நாள் சொச்சம் தாண்டினால் அனைவருக்கும் நீக்கும் வசதி இருக்காது.