ஐந்து பேருக்கு மட்டும்

செய்தி நிறுவனம் ஒன்றின் தகவல் சரிபார்ப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். தேர்தல் வந்துவிட்டால் எங்களுக்கு இரவு பகல் கிடையாது.

பலர் நினைப்பதுபோல எங்களிடம் வருவதில் பெரும்பகுதி கணினியில் உருவாக்கிய போலி வீடியோ அல்ல. படம் நிஜம்தான், கூடவே வரும் கதைதான் பொய். ஒருமுறை வாக்குச்சீட்டுகளைக் கட்டுக்கட்டாகப் பெட்டியில் திணிக்கும் வீடியோ வந்தது. 'இன்று காலை நடந்தது' என்று சொன்னார்கள். ஃபிரேம் ஃபிரேமாக நிறுத்திப் பார்த்தோம். அறையில் இருந்த எல்லோரும் கம்பளிக் கோட்டு போட்டிருந்தார்கள். சொல்லப்பட்ட ஊரிலோ அன்றைக்குக் கொளுத்தும் வெயில். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பும் அந்த நாட்டு எழுத்தில் இல்லை. அப்புறம் ஃபிரேமைப் படத்தேடலில் போட்டதும் பழைய பதிவு சிக்கியது. எங்கள் மறுப்பு வெளியானபோது வீடியோ போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்திருந்தது.

இது எங்கள் புலம்பல் மட்டுமல்ல. 2006 முதல் 2017 வரையிலான ட்விட்டர் பதிவுகளை ஆராய்ந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உண்மையைவிடப் பொய் மறுபகிரப்படும் வாய்ப்பு 70 சதவீதம் அதிகம். அதிலும் அரசியல் பொய்க்குத்தான் வேகம் கூடுதல். தானியங்கிக் கணக்குகள் உண்மை, பொய் இரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் பரப்பின. வித்தியாசம் மனிதர்களால் வந்தது.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. 2019-ல் வாட்ஸ்அப், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி உலகம் முழுக்க மாற்றியது. 2020-ல், ஏற்கெனவே பல கை மாறி வந்த செய்தி என்றால் ஒரு நேரத்தில் ஓர் இடத்துக்குத்தான் என்றது. அப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே சொன்னது. நாங்கள் வருடக்கணக்கில் மறுப்பு எழுதியும் நடக்காத காரியம்! நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் குடிமக்கள் தங்களுக்குள் எப்படிப் பேசலாம் என்ற விதி அது. எந்த நாடாளுமன்றத்திலும் அதற்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை. நாளைக்கு அதை நீக்கினாலும் யாரிடம் போய்க் கேட்பது?

அரசுகளிடம் விட்டால் சரியாகிவிடும் என்றும் சொல்ல முடியாது. 2011 ஜனவரியில் எகிப்து அரசு கிட்டத்தட்ட மொத்த நாட்டுக்கும் இணையத்தைத் துண்டித்தது. தெருவில் போராடிய கூட்டம் கலையவில்லை, அதிபர் முபாரக்தான் பதவி விலகினார். பத்திரிகை ஆசிரியர்கள் மட்டுமே வாசலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று முடிவு செய்த காலத்துக்கும் நான் ஏங்கவில்லை. எத்தனை வாசகர் கடிதங்கள் குப்பைக்கூடைக்குப் போயின என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும்.

தைவானில் 2015-ல் ஊபரை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று பொதுமக்களிடம் கேட்க போலிஸ் (Polis) என்ற மென்பொருளைப் பயன்படுத்தினார்கள். அதில் ஒரு கருத்தை ஏற்கலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம், புதிதாகவும் சொல்லலாம். பதில் எழுத மட்டும் முடியாது. அதனால் சண்டைக்கு வழியில்லை. எல்லாத் தரப்பும் எதில் ஒத்துப்போகிறது என்பதும் மேலே தெரிந்தது. ஓட்டுநர் உரிமம், காப்பீடு என்று அங்கே எழுந்த பல கருத்துகள் பிறகு வந்த விதிகளில் இடம்பெற்றன.

எங்கள் தளத்தின் கருத்துப் பகுதியைத் திருத்தும் பேச்சு வந்தபோது இதைச் சொன்னேன். "பதில் பட்டனை எடுத்துட்டா பாதிப் பேர் திரும்பி வர மாட்டாங்க சார்" என்றார் வணிகப் பிரிவு நண்பர். அவர் கணக்கில் தப்பில்லை.